வெறுங்கையால் தூக்கிய மீன்

பத்து வருடமாக ஹெக்ட் மீன் பிடிக்கிறேன். இந்தப் பத்து வருடத்தில் ஒன்றைக்கூட நான் வெறுங்கையால் தொட்டது கிடையாது. முழங்கைவரை வரும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் பிடிப்பேன். அந்த வழுவழுப்பும் நாற்றமும் எனக்கு ஆகாது. மீன் நாறுகிறதென்றால் என்ன கோதாரிக்கு மீன் பிடிக்கப் போகிறாய் என்று ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி தொலைபேசியில் சிரிப்பான். சிரிக்கட்டும். நான் மீனுக்காகப் போவதில்லை. அது இரையை அடிக்கிற அந்த ஒரு அடிக்காகப் போகிறேன்.

ஹெக்ட் என்பது நன்னீரில் வாழும் கொலைகாரன். நீண்ட பச்சை உடம்பு, வாத்தின் அலகைப் போலத் தட்டையான வாய், அந்த வாய்க்குள் அண்ணம்வரை பல். நாள் முழுவதும் பாசிக்குள் அசையாமல் கிடக்கும். பக்கத்தால் ஏதாவது போனால் ஒரே பாய்ச்சல். தவளை, வாத்துக்குஞ்சு, எலி, தன் இனம், தான் பெற்ற குஞ்சு, எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதன் குணம் எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்காத மீன்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மீன் சாப்பிடுவோம். மீன் பிடிக்கிறவர்களை வீட்டுக்குள் விடமாட்டோம். இதை நான் மறைத்து எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் நான் தூண்டிலைத் தொட்டிருந்தால் அப்பா என் கையை முறித்திருப்பார், அது வேறு ஆட்களின் தொழில் என்று. ஜெர்மனியில் மீன் பிடிக்க வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுத வேண்டும். பாஸ் பண்ணினால் படம் ஒட்டிய அனுமதி அட்டை ஒன்று தருவார்கள். சோதனை எழுதி, அட்டை வாங்கி, விலையான சாமான்களோடு செய்தால் அது தொழில் இல்லை, ஸ்போர்ட். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் மனைவியும் ஊராருக்கு அப்படித்தான் சொன்னாள். அந்த அட்டையை நான் எட்டாக மடித்த அகதி விண்ணப்பக் கடிதத்தைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இருப்பது ஹம் நகரத்தில். வேலை கம்பித் தொழிற்சாலையில். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் கால்வாய். சரக்குக் கப்பல்கள் திரும்புவதற்காக ஓரிடத்தில் கால்வாயை அகலமாக வெட்டியிருக்கிறார்கள். அதன் ஓரத்துக் கல்லணைக்குக் கீழேதான் ஹெக்ட் படுத்திருக்கும்.

சாமான் விஷயத்தில் எனக்குத் தம்பிதான் வாத்தியார். ஹெக்டுக்குப் பெரிய தமையன் ஒன்று கனடாவில் இருக்கிறது. மஸ்கி என்பார்கள். ஒரு நாள் முழுக்கத் தோள்மூட்டு கழலுமட்டும் எறிந்தாலும் ஒன்று கண்ணில் படாது. பட்டால் ஆளுயரத்துக்குக் கிட்ட நிற்கும். தம்பி அந்தப் பைத்தியத்தில் விழுந்தவன். அவன் எனக்கு மஸ்கிச் சாமான்களைப் பொதி பொதியாக அனுப்பினான். முழங்கை நீளத்தில் மரத்தால் செய்த பொய்மீன்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் மும்முனைக் கொக்கிகள் மூன்று. இரண்டு பித்தளைத் தகடு சுழன்று கலகலக்கும், பின்னால் சேவல்வால் தொங்கும் பொய்யிரைகள். வாய்க்குள் கைவிடாமல் கொக்கி கழற்ற நீட்டுக் குறடு. அலகைப் பிரித்து வைக்க வில்லுக் கம்பி. என் விரலளவு தடித்த தூண்டில் தடி. நூலின் நுனியில் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டாயம். நைலோன் தங்கூசி நூலை ஹெக்ட் ஒரு கடியில் நறுக்கிவிட்டுப் போய்விடும். பிறகு வாய்க்குள் கொக்கியோடு எங்கேயோ கிடந்து பட்டினியில் சாகும். நான் இவ்வளவையும் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்க்கு வர, முதலை பிடிக்கப் போகிறாயா என்று ஜெர்மன்காரர்கள் கேட்பார்கள்.

தம்பி இன்னொரு வித்தையும் சொல்லித்தந்தான். மஸ்கிக்கு ஒரு கெட்ட பழக்கம். பொய்மீனுக்குப் பின்னாலேயே கரைவரை வரும், கடைசி நேரத்தில் நின்று யோசிக்கும். அந்த நேரம் தடியைத் தூக்கினால் போய்விடும். தூக்காமல் தடியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, கால்மாட்டிலேயே பெரிய எட்டு ஒன்று எழுத வேண்டும். வளைவுகளில் அகலமாக, ஆழமாக. அது வெறி பிடித்து அடிக்கும். ஹெக்டும் அதே சாதி மீன்தான், அதே மாதிரித்தான் செய்யும். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. வாழ்நாளில் எதற்கும் இருந்ததில்லை. பச்சை முதுகைக் கண்டதும் கை தானாகத் தூக்கிவிடும். அப்படி நான் விட்ட மீன்கள் அநேகம்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மகள். பான் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். இருபத்தெட்டு வயதாகியும் ஒரு பேச்சும் இல்லையே என்று மனைவி கோயில் கோயிலாகத் திரிந்த காலத்தில், ஒரு கோடை விடுமுறைக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள், ஒருவரைப் பிடித்திருக்கிறது, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று. டார்ம்ஸ்டாட்டில் எஞ்சினியர். தமிழ்ப் பிள்ளை. சைவம். ஜெர்மன்காரனைக் கொண்டுவந்து நிறுத்துவாளோ என்று பயந்துகொண்டிருந்த எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மனைவி அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்க முன்னரே கேட்டாள்.

"எந்த ஊராம்?"

"இங்கதான் பிறந்தவர், அம்மா."

"அதில்லைப் பிள்ளை. அவையின்ர சொந்த ஊர்."

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்தில எவடம்?"

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாது. நான் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். நீங்கள் எதுக்கு அதைக் கேக்கிறீங்கள் எண்டும் எனக்குத் தெரியும்."

எங்கள் ஆட்களில் யாரும் நீ என்ன சாதி என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகம் எங்களிடம் இருக்கிறது. ஊரைக் கேட்போம், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்போம், பக்கத்துக் கோயில் எது, அப்பாவின் அப்பா என்ன செய்தவர் என்று கேட்போம். நாலாவது கேள்விக்குள் ஆள் பிடிபட்டுவிடும். இந்தப் பையனிடம் ஒன்றும் பிடிபடவில்லை. தகப்பன் சின்ன வயதிலேயே செத்துப்போனார். தாய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கோயிலுக்கு வருவதில்லை, கொண்டாட்டங்களுக்கு வருவதில்லை, சொந்தக்காரர் என்று யாரோடும் போக்குவரத்து இல்லை. பாரிசுக்கும் லண்டனுக்கும் தொலைபேசி எடுத்துக் கேட்டோம், ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படி ஒதுங்கி இருக்கிறதென்றால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று நானும் மனைவியும் முடிவு கட்டினோம்.

"அப்பா, அவரும் மீன் பிடிக்கிறவர்," என்று மகள் ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்பாவையும் அவனையும் சேர்த்துவைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். எனக்குச் சந்தேகம் கூடியது. "அப்ப கூட்டிக்கொண்டு வாரும்," என்றேன். "கால்வாய்க்குப் போவம்." அவளுக்கு அது கல்யாணப் பேச்சு. எனக்கு அது விசாரணை. ஒரு காலையில் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்ற துணிவோடுதான் நான் கூப்பிட்டேன்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை வந்தான். மெலிந்த, உயரமான பிள்ளை. மகளைத் தாயோடு வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் கால்வாய்க்குப் போனோம். நான் என் முழு ஆயுதங்களோடும் போனேன். அவனிடம் ஒரு மெல்லிய தடியும் தோளில் ஒரு துணிப்பையும் மட்டும். அனுமதி அட்டையைப் பதினாலு வயதிலேயே எடுத்துவிட்டானாம். எனக்கு நாற்பத்தெட்டில் கிடைத்தது.

கரையில் குந்தியிருந்து, பையிலிருந்து ஒரு சின்னப் பொய்மீனை எடுத்து, குறடால் அதன் கொக்கிகளின் எதிர்முள்ளை ஒவ்வொன்றாக நசுக்கினான்.

"ஏன் தம்பி, நல்ல சாமானைப் பழுதாக்கிறீர்?"

"லேசாக் கழட்டலாம், அங்கிள். மீனுக்கு நோ குறைவு."

நான் சிரித்தேன். பிறகு கம்பியைக் கட்டினான். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கி, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பினான். எறியவில்லை. பத்து நிமிடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். சின்ன மீன்கள் எந்தப் பக்கம் சிதறுகின்றன என்று பார்க்கிறானாம். குந்தியிருந்த விதம், பல்லால் கடித்த விதம், தண்ணீரைப் பார்த்த விதம், எல்லாவற்றையும் நான் ஒவ்வொன்றாக மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். இது சோதனை எழுதிப் படித்த கை இல்லை, பிறப்பிலேயே வந்த கை என்று எனக்குப் பட்டது.

ஒன்பது மணிவரை நான் எறிந்து எறிந்து தோள் கழன்றது. அவன் இரண்டு சின்ன ஹெக்டைப் பிடித்து, அளவு காணாது என்று தண்ணீரில் வைத்தே கொக்கி கழற்றி விட்டுவிட்டான். அதுவே எனக்கு எரிச்சல். பிறகு என் பித்தளைத் தகடுகளுக்குப் பின்னால், கல்லணைக்குக் கிட்ட, ஒரு பச்சை முதுகு வந்தது. என் தொடையளவு தடித்திருந்தது. பொய்யிரைக்கு ஒரு அடி பின்னால் நின்றது. என் கை தூக்கப் போனது.

"தூக்காதேங்கோ, அங்கிள்," என்றான் மெதுவாக. "எட்டுப் போடுங்கோ. அகலமா."

போட்டேன். தண்ணீருக்குள் தடி நுனியை விட்டு ஒரு எட்டு, இரண்டாவது எட்டு. இரண்டாவது எட்டின் வளைவில் அது அடித்தது. தடி கையை விட்டுப் போகப் பார்த்தது. அந்த நேரம் என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். மீன் களைத்துச் சாய்ந்தது. என் கைவலை அதற்குக் காணாது. நான் கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு நிற்க, அவன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, ஈரக் கல்லில் குப்புறப் படுத்து, கையைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, அந்த வெறுங்கையின் விரல்களைச் செவுள் மூடிக்குள் மெல்ல நுழைத்து, மற்றக் கையை வயிற்றின் கீழ் கொடுத்துத் தூக்கினான். ஒரு மீற்றருக்குக் கிட்ட நீளம். அது துடிக்கக்கூட இல்லை. என் வாழ்நாளில் நான் பிடித்த ஆகப் பெரிய மீன் அவன் கையில் கிடந்தது.

எனக்கு நன்றி வரவில்லை. பொறாமை வந்தது. பொறாமைக்கு மேல் இன்னொன்று வந்தது, அது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆள் பிடிபட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

ஆர் பழக்கினது என்று கேட்டிருக்கலாம். ஒரு வசனம். விசாரிக்கத்தானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை, அந்தக் கையே சொல்லிவிட்டது என்று இருந்தேன்.

"சாப்பாட்டுக்கு எடுக்கிறீங்களோ, அங்கிள்? இல்லாட்டி உடன விட்டிடுவம். பெரிய தாய் மீன்."

"கொல்லும்," என்றேன். பொல்லை எடுத்து நீட்டினேன்.

இந்த நாட்டில் மீனைக் கொல்லவும் ஒழுங்கு இருக்கிறது. கண்ணுக்கு மேலே தலையில் அடித்து மயக்கி, உடனே நெஞ்சில் கத்தி இறக்க வேண்டும். எனக்கு மூன்று நாலு அடி வேண்டும். இரண்டாவது அடி எப்போதும் கண்ணில் விழும். அவன் ஒரே அடி. ஒரே குத்து. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான்.

"வெட்டித் துப்பரவாக்கியும் தாரும்," என்றேன். "உங்களுக்கு அது பழக்கமா இருக்கும்."

தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு, "பிரச்சினை இல்லை, அங்கிள்," என்று சொல்லிக் குனிந்தான். நான் சுத்தமான கையுறையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவன் என் மீனின் குடலை எடுப்பதைப் பார்த்தேன்.

அவன் கை கழுவப் போன நேரம் நான் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிங்கான் பிளேட் எடுத்து வைச்சிட்டீரோ?"

"ஓம், அந்தப் பூப் போட்டதை எடுத்தனான்."

"அவருக்கு வேண்டாம். கடதாசிப் பிளேட்டும் கப்பும் மிச்சம் கிடக்குதெல்லே."

"அப்பிடியோ?" என்றாள்.

"ஓம்."

இதற்கு மேல் எங்களுக்குள் விளக்கம் தேவைப்படவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் சில ஆட்களுக்கு வேறு பாத்திரத்தில்தான் தேத்தண்ணி கொடுப்பது. அந்தப் பாத்திரம் வீட்டுக்குள் வராது. முப்பது வருடமாக ஜெர்மன்காரர் கழுவிய கோப்பையிலும் துருக்கிக்காரர் கழுவிய கோப்பையிலும் குடித்த நாங்கள், அந்த ஒரு தொலைபேசியில் முப்பது வருடத்தையும் கழற்றி வைத்தோம்.

மத்தியானம் மேசையில் மூன்று பூப் போட்ட பிங்கான், ஒரு கடதாசிப் பிளேட். மகள் அதைப் பார்த்தாள்.

"அம்மா, பிளேட் காணாதோ?"

"கழுவுற மெஷின் பழுது, பிள்ளை."

"ஒரு பிளேட் கழுவ மெஷின் வேணுமோ?" என்று எழும்பப் போனாள். அவன் அவள் கையில் கையை வைத்தான். "பரவாயில்லை. இரும்," என்றான். அவனுக்கு விளங்கிவிட்டது. மகளுக்கு விளங்கவில்லை. எனக்கும் மனைவிக்கும் அவன் விளங்கிக்கொண்டது விளங்கியது. இப்படி நாலு பேரும் சாப்பிட்டோம். ஹெக்டுக்கு உடம்பெல்லாம் கவர்முள் என்பதால் மனைவி அதை மசித்துக் கட்லட் போட்டிருந்தாள். அவன் மூன்று சாப்பிட்டான். பிறகு தேத்தண்ணி வந்தது. கடதாசிக் கப் கொதித்தது. விரல் நுனிகளை மாற்றி மாற்றி அதைப் பிடித்து, கடைசிச் சொட்டுவரை குடித்தான். குடித்து முடிய என்னை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். "நல்லா இருந்தது, அன்ரி," என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு எழும்பினான்.

மகள் அவனை ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. வழியில் கேட்டிருக்கிறாள், அவன் சொல்லியிருக்கிறான். கோட்டைக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தக் கப் ஏனெண்டு உங்கட வாயால சொல்லுங்கோ."

சொன்னேன். மழுப்பவில்லை. "அவன் மீனைத் தூக்கின விதத்தைப் பாத்தனான். உமக்கு இதெல்லாம் விளங்காது. கையைப் பாத்தாத் தெரியும், எந்த ஆக்கள் எண்டு. இந்த வீட்டுக்கு அது சரிவராது. இந்தக் கதை இண்டையோட முடியவேணும்."

"நீங்களும்தானே மீன் பிடிக்கிறீங்கள்?"

"நான் கையுறை போட்டுப் பிடிக்கிறன்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். பின்னால் போன தாயைத் திரும்பியும் பார்க்கவில்லை.

குளிர்காலம் முழுக்க அவள் எங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. நான் விறைத்த கையோடு கால்வாயில் எறிந்துகொண்டிருந்தேன். பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஹெக்ட் முட்டையிடும் காலம், பிடிக்கக் கூடாது என்று சட்டம். அதோடு எனக்குப் போக்கிடமும் இல்லாமல் போனது. வீட்டில் நானும் மனைவியும் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். அவள் அழுதால் நான் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவேன். அவ்வளவுதான் நான் அவளுக்குச் செய்த ஆறுதல்.

அப்போதுதான் லண்டனிலிருந்து மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா தொலைபேசி எடுத்தா. நாங்கள் விசாரிக்கக் கொடுத்த விபரம் சுற்றிச் சுற்றி இப்போதுதான் சரியான இடத்துக்குப் போயிருந்தது. பையனின் தாய் மனைவியின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. பள்ளிக்கூட அதிபரின் மகள். எங்கட ஆக்கள், இன்னும் சொல்லப்போனால் எங்களைவிட ஒரு படி கூடத்தான் என்றா அக்கா. புருஷன் செத்த நேரம் சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்காததால், அவ ஒருவரையும் வேண்டாம் என்று ஒதுங்கியவ. வேலைக்குப் போகிற நேரம் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல், பத்து வயதில் அவனை ஊர் மீன்பிடிச் சங்கத்தின் சிறுவர் பிரிவில் சேர்த்துவிட்டிருக்கிறா. அவனுக்கு எல்லாம் பழக்கியது ஜெர்மன்காரர். மீனைத் தொட முன்னர் கையை நனைக்க வேண்டும், காய்ந்த கையும் கையுறையும் அதன் தோலுக்குக் கூடாது என்று சோதனைப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. நானும் அதைப் பாடமாக்கித்தான் பாஸ் பண்ணினேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு ஆக வெட்கம். நாங்கள் வெட்கப்படவில்லை. சந்தோஷப்பட்டோம். மனைவி கேசரி கிண்டினாள். நான் தம்பிக்கு எடுத்துச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன், பார் என்ர கண் என்னைப் பேய்க்காட்டிப்போட்டுது என்று. கதை முடிந்தது, தடை நீங்கியது என்றுதான் இரண்டு பேரும் நம்பினோம். தாய்க்காரியின் இலக்கத்தைத் தேடி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டோம். வாங்கோ என்றா. பட்டுச் சீலை, வேட்டி இல்லாவிட்டாலும் கோட், தட்டத்தில் பழமும் வெற்றிலையும். இரண்டு ரெயில் மாறிப் போனோம்.

சின்ன வீடு. அவ எங்களை மரியாதையாக உள்ளே கூப்பிட்டு இருத்தினா. மகளும் அவனும் அங்கேதான் இருந்தார்கள். மகளை நாலு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் காண்கிறேன். மெலிந்திருந்தாள். நான் ஆயத்தம் பண்ணி வந்ததைச் சொன்னேன்.

"இனி எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. கல்யாணத்துக்கு நாளைப் பாப்பம்."

தாய்க்காரி மனைவியின் கையிலிருந்த தட்டத்தை வாங்கவில்லை. "அண்டைக்கே மகன் வந்து எல்லாம் சொன்னவர்," என்றா. "நான் கேட்டனான், அம்மப்பாவின்ர பேரையும் ஊரையும் சொல்லியிருந்தா அந்த இடத்திலேயே கோப்பை வந்திருக்குமே, ஏன் ராசா சொல்லேல்லை எண்டு."

நான் அவனைப் பார்த்தேன். "ஏன் தம்பி சொல்லேல்லை? ஒரு சொல்லில முடிஞ்சிருக்குமே."

"சொல்லியிருந்தா, அங்கிள், அந்தக் கப் வேற ஆருக்கோ சரி எண்டு நானும் ஒத்துக்கொண்டதாப் போயிருக்கும்," என்றான். கால்வாயில் எட்டுப் போடச் சொன்ன அதே மெதுவான குரல்.

மனைவி அவசரமாக, "போனதுகளை விடுங்கோ, நாங்கள் எல்லாரும் இப்ப ஒரே ஆக்கள்தானே," என்றாள். அந்த வசனம்தான் மகளை எழுப்பியது. அவள் வந்து எனக்கு நேரே, தரைவிரிப்பில் உட்கார்ந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் வீட்டுக்கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் அண்டைக்கு நினைச்ச ஆளாவே இவர் இருந்திருந்தா, இண்டைக்கு வந்திருப்பீங்களோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ஓம். அவள் அதற்காகத்தான் அன்று அங்கே வந்து காத்திருந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அகதி விசாரணையில், வேலை இடத்தில், வரி அலுவலகத்தில், எத்தனை ஓம் சொன்ன வாய். திறந்தேன்.

"இல்லை," என்றேன்.

அவள் தலையாட்டினாள். "சரி அப்பா," என்றாள். எழும்பிப் போய் எங்கள் இரண்டு பேரின் கோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்து, தாய்க்கு அவளே போட்டும்விட்டாள். எனக்குக் கையில் தந்தாள். அவர்கள் பதிவுத் திருமணம் செய்ததை ஐந்து மாதம் கழித்து, ஹம் ஸ்டேஷனில் கண்ட ஒருவர் எனக்கு வாழ்த்துச் சொன்னபோதுதான் அறிந்தேன். ஓம் ஓம், நல்லா நடந்தது என்று அவருக்குச் சொன்னேன். மகள் இன்றுவரை வரவில்லை.

அன்று அந்த வீட்டிலிருந்து திரும்பும்போது ரெயில் பிந்தியது. மேடையில் மனைவி தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "ஒரு ஓம் சொல்லியிருந்தா என்ர பிள்ளை என்னோட இருந்திருக்கும்," என்றாள்.

"எனக்கு வரேல்லை," என்றேன். "நீரும் பக்கத்திலதானே இருந்தனீர். நீர் சொல்லியிருக்கலாமே."

அவள் தட்டத்தை மடியிலிருந்து எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.